சிகாமணி அண்ணனின் கீழ் டோ

ஞானசிகாமணி அண்ணனின் ஜீவிய சரித்திரத்தை டைப் செய்தது நான்தான். எங்கள் தமிழ்ச் சபையில் யார் இறந்தாலும் அடக்க ஆராதனையில் ஒரு பக்கத்துக்கு அப்படியொன்றை வாசிப்பார்கள். பிறந்த ஊர், ஞானஸ்நானம், வேலை, மனைவி மக்கள், சபைக்குச் செய்த தொண்டு, கடைசியில் கர்த்தருக்குள் நித்திரை. திருவனந்தபுரம் ஸ்டாச்சு பக்கம் ஒரு டிடிபி கடையில் நான் ஆபரேட்டர் என்பதால் அந்தத் தாள்களெல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அண்ணனுக்கு எழுதியதில் ஒரு வரி இருந்தது. ‘முப்பத்தோரு ஆண்டுகள் பாடகர் குழுவில் பாஸ் பாடிய அன்னார், முதுமையால் குரல் தளர்ந்து 2005இல் ஓய்வு பெற்றார்.’ அந்த வரி பொய். பொய் என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான். அதனால் இன்னொரு ஜீவிய சரித்திரத்தை இங்கே எழுதுகிறேன். இதை யாரும் ஆராதனையில் வாசிக்கப் போவதில்லை.

அண்ணனுக்கு ஊர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம். பத்தொன்பது வயதில் வேலை தேடித் திருவனந்தபுரம் வந்தவர், ஆரியசாலையில் கோமதிநாயகம் பிள்ளையின் மொத்த மிளகாய்க் கடையில் சேர்ந்தார். லாரியிலிருந்து மூட்டை இறங்கும்போது எண்ணிக்கை கூவுவது அவர் வேலை. ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். “லாபோம்... ரெண்டே... மூணே...” என்று அவர் அடித்தொண்டையில் இழுத்தால் அந்தத் தெருவில் பேசிக்கொண்டிருப்பவர்கள் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் மறுபடி பேசுவார்கள். ஆள் என்னவோ ஒல்லி. அந்தக் கூட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் எப்படி வருகிறது என்று எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு அதே குரலைக் கோயிலுக்குக் கொண்டுவருவார். எங்கள் பாடகர் குழுவில் ஐந்து கோட்டு இசைக்குறிப்பைப் படிக்கத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களுக்கு டோ, ரே, மீ என்று எழுத்தாக எழுதிய சோல்ஃபாதான் வழி. சோல்ஃபாவில் டோவுக்கு நிரந்தரமான இடம் கிடையாது. ஆர்கனில் ஒரு கட்டையை அழுத்தி இதுதான் டோ என்றால் அன்றைக்கு அதுதான் டோ. மற்ற சுரங்களை அதிலிருந்து எண்ணிப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். அண்ணனுக்கு எல்லாப் பாட்டின் பாஸ் வரியும், அதாவது நாலு குரலில் அடிக்குரல் வரி, சோல்ஃபாவில் மனப்பாடம். ஆராதனை முடிவில் மூன்று முறை ஆமென் பாடுவோம். மூன்றாவது ஆமெனில் பாஸ் கீழ் டோவில் போய் உட்கார வேண்டும். அண்ணன் அதை அவசரப்படாமல் இறக்கி வைப்பார். பெஞ்சில் கை வைத்திருந்தால் மரம் அதிர்வது தெரியும். அதைக் கேட்ட பிறகுதான் ஜனங்கள் செருப்பைத் தேடுவார்கள்.

இனி என்னைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும். இதெல்லாம் தொடங்கும்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. வாரத்தில் ஆறு நாள் கல்யாணப் பத்திரிகையும் டெண்டர் நோட்டீசும் அடித்துத் தள்ளுகிற கண்ணாடிக்காரி. ஏழாவது நாள் நான் சொப்ரானோ. மேல் சுரத்தை நான் எடுத்தால் பின்வரிசைப் பெண்களெல்லாம் என் குரலுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்வார்கள். ஜெஸ்லின் என்றால் யார் என்று சபையில் கேட்டால், ‘மேலே பாடுமே அந்தப் பிள்ளை’ என்பார்கள். வேறு எந்த அடையாளமும் எனக்கு இல்லை. இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

2003இல் கொயர் அலமாரியைக் கரையான் பிடித்தது. பழைய கையெழுத்து நோட்டுகள் பாதிக்கு மேல் மண்ணாகிவிட்டன. மிச்சத்தை என்னிடம் கொடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார் எங்கள் கொயர் மாஸ்டர் தேவவரம் சார். கல்லூரியில் கெமிஸ்ட்ரி வாத்தியார், கொயரையும் ஒரு லேப் மாதிரிதான் நடத்துவார். லினக்ஸ்காரர்கள் நடத்திய ஒரு கூட்டத்தில் எனக்கு ஒரு சி.டி. கிடைத்திருந்தது. அதில் லில்லிபாண்ட் என்று ஒரு மென்பொருள். திரையில் கோடும் இருக்காது, சுரமும் இருக்காது. பாட்டை எழுத்தாகவே டைப் செய்ய வேண்டும். ஏ முதல் ஜி வரை ஒரு எழுத்து ஒரு சுரம், பக்கத்தில் எண் போட்டால் அதன் நீளம், கமா போட்டால் ஒரு ஸ்தாயி கீழே. டைப் செய்து ஓடவிட்டால் அது ஐந்து கோட்டில் அழகாக வரைந்து தரும். கோடு படிக்கத் தெரியாதவர்களுக்கு அடியில் சோல்ஃபா எழுத்தையும் நான் சேர்த்துவிடுவேன்.

முதல் நாள் நான் சோல்ஃபா பழக்கத்தில் டி, ஆர், எம் என்று அடித்தேன். அதற்கு ஆர் என்றால் மௌனமாம். ரே வர வேண்டிய இடமெல்லாம் பாட்டு வாயை மூடிக்கொண்டது. எம் வந்த இடத்தில் பிழை என்று கத்தியது. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டி ஒரு வழி கண்டுபிடித்தேன். எந்தப் பாட்டானாலும் டோவை சி என்று வைத்து முழுப்பாட்டையும் அடித்துவிடுவது. பிறகு மேலே ஒரே ஒரு வரி. டிரான்ஸ்போஸ் என்று போட்டு, சியை எந்தச் சுரத்துக்கு நகர்த்த வேண்டுமோ அந்த எழுத்தைப் போட்டால், நாலு குரலும் சேர்ந்து மொத்தமாக நகர்ந்துவிடும். ஆமெனுக்குப் பழைய நோட்டில் டோ ஏ ஃபிளாட் என்று இருந்தது. அப்படியே போட்டேன்.

அந்த வருஷக் கடைசியில் எனக்குத் தைராய்டு ஆபரேஷன். கழுத்தில் தழும்பு ஆறியது, குரல் ஆறவில்லை. பேச்சு சரியாகத்தான் இருந்தது. மேல் சுரத்துக்குப் போனால் அங்கே ஒன்றுமே இல்லை, வெறும் காற்று. டாக்டர் ஆறு மாதம் பாடாமல் இருந்து பார்க்கலாம் என்றார். ஆறு மாதம் வாய்மூடி உட்கார எனக்குப் பொறுமையில்லை. என் இடத்தில் வேறு ஒருத்தி வந்து நிற்பாள் என்கிற பயம்தான், வேறென்ன.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கடையில் தனியாக இருந்தபோது ஆமெனின் டிரான்ஸ்போஸ் வரியில் இருந்த எழுத்தை மாற்றினேன். ஏ ஃபிளாட்டுக்குப் பதில் ஜி. அரை சுரம் மட்டும் கீழே. புதிய தாளை அச்சடித்துக் கொடுத்தேன். ஆர்கன் வாசிக்கும் டாக்டரம்மா மெட்ராசிலிருந்து புதிதாக மாறுதலாகி வந்தவர். முன்னால் என்ன வைத்தாலும் வாசிப்பார். ஆர்கன் ஜியில் டோ கொடுத்தது, எல்லோரும் அதிலிருந்து எண்ணிக்கொண்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. எனக்கு மேல் சுரம் வந்தது. நான் கர்த்தருக்கு நன்றி சொன்னேன், நினைத்தால் இப்போது கூசுகிறது.

குரல் இன்னும் இறங்கியது. நானும் எழுத்தை இறக்கினேன். ஒன்றரை வருஷத்தில் எல்லாப் பாட்டும் நாலு அரை சுரம் கீழே வந்துவிட்டது. ஷார்ப் கூடினால் ஆர்கனில் வாசிக்கச் சிரமம். ஒருமுறை டாக்டரம்மா, “என்ன ஜெஸ்லின், நாலு ஷார்ப் போட்டுக் கொல்றீங்க?” என்றார். பழைய நோட்டில் அப்படித்தான் இருந்தது என்றேன். அந்த நோட்டு என் பீரோவில் இருந்தது. தேவவரம் சாருக்கோ ஒரே சந்தோஷம். அவர் ஆண்களில் மேல்குரலான டெனர், ஐம்பது தாண்டியவர், அவருக்கும் மேல் சுரம் சுலபமாகிவிட்டதே. “ஜெஸ்லின் டைப் பண்ணித் தந்த பெறகுதான் கொயர் ஒரு நெலைக்கு வந்திருக்கு” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்.

மேலே இருப்பவளுக்கு ஒரு படி இறக்கினால் கீழே இருப்பவனும் ஒரு படி இறங்கத்தான் வேண்டும். அது எனக்குத் தெரியாததல்ல. பாஸ் பாடிய மற்ற இரண்டு பேரும் கீழ் டோ எட்டாதபோது வெட்கமில்லாமல் மேல் டோவைப் பிடித்துக்கொண்டார்கள். சிகாமணி அண்ணன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை. கீழ் டோ என்று எழுதியிருந்தால் கீழ் டோதான். மூன்றாவது ஆமெனில் அவர் இறங்குவார், பாதியில் குரல் கரகரத்து நின்றுபோகும். முதல் வாரம் தொண்டையைச் செருமினார். அப்புறம் சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டு வந்தார். மிளகாய்த் தூசிதான் காரணம் என்று தேவவரம் சார் கண்டுபிடித்துச் சொன்னார். அண்ணன் அதை நம்பி, முப்பத்தேழு வருஷம் கூவிய கடையை விட்டு, முதலாளியிடம் கெஞ்சி, அவருடைய கயிற்றுக் குடோனுக்குக் காவலாளாகப் போனார். அங்கே எண்ணிக் கூவ ஒன்றுமில்லை. குரல் மட்டும் திரும்பினால் போதும் என்றிருந்தார்.

2005 ஆகஸ்டில் ஒரு நாள் மத்தியானம் என் கடைக்கு வந்தார். கையில் பனங்கற்கண்டுப் பொட்டலம். அதை மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

“பிள்ளே, ஒரு காரியம் கேக்கணும். கோவிச்சுக்கப்பிடாது.”

“சொல்லுங்க அண்ணே.”

“டாக்டருட்ட காட்டியாச்சு. தொண்டெயில ஒண்ணும் இல்லேங்காரு. பின்னெ ஏன் கீழ் டோ மட்டும் வரமாட்டேங்கு? நீ அடிச்சதுல எங்கயாவது மாறிப்போச்சோன்னு ஒரு சம்சயம். குத்தமா சொல்லல்லெ மக்கா. ஒண்ணு பாத்துச் சொல்லு.”

ஆமென் கோப்பைத் திறந்தேன். மேலே அந்த வரி, அதில் நான் போட்ட எழுத்து. ஒரே எழுத்து. அண்ணன் குனிந்து திரையைப் பார்த்தார். அவருக்கு அதில் ஒன்றும் புரியாது. ஒரு இடத்தில் விரலை வைத்து, “இந்தக் கமா என்னது?” என்றார்.

“அதுதான் அண்ணே உங்க கீழ் டோ.”

“நம்ம பொஸ்தகத்துலயும் அடியில இப்பிடி ஒரு கோடு உண்டுல்லா” என்று அந்த இடத்தைக் கண்ணாடி மேலே மெதுவாகத் தொட்டார். “அப்போ சரியாத்தான் இருக்கு?”

சொல்லியிருக்கலாம். எழுத்தை மாற்ற இரண்டு நொடி கூட ஆகாது. அடுத்த ஞாயிறு அவர் கீழ் டோவில் உட்கார்ந்திருப்பார், நான் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே” என்றேன்.

“பின்னெ எனக்க தொண்டெதான்” என்றார். கோபமில்லை, வருத்தம்கூட வெளியே தெரியவில்லை. விடை தெரிந்துவிட்ட மாதிரி தலையாட்டினார். “கற்கண்டு ஒனக்குத்தான் வாங்கினேன். ஆப்பரேசன் களிஞ்ச தொண்டெயல்லவா, பாத்துக்க.”

அடுத்த பயிற்சியில் கீழ் டோ வரும்போது சும்மா வாயை அசைத்தால் போதும் என்று தேவவரம் சார் எல்லோர் முன்னாலும் அவரிடம் சொன்னார். அண்ணன் சரி சார் என்றார். அந்த ஞாயிறு முழு ஆராதனையும் பாடினார். கடைசி ஆமெனில் வாயை அசைக்கவும் இல்லை. அதற்கடுத்த வாரம் கொயர் பெஞ்சுக்கு வரவில்லை. ஜனங்களோடு பின்னால் உட்கார்ந்தார். பாட்டுப் புத்தகம் திறந்திருக்கும், வாய் மூடியிருக்கும். சாதாரணப் பாட்டுக்கூடப் பாடவில்லை. நான் முன்னால் நின்று மேல் சுரம் எடுக்கும்போது அவர் முகம் எனக்கு நேராகத் தெரியும். இரண்டு வருஷம் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடினேன். கெட்டிக்காரிதான் நான்.

2007 ஜூன் மழையில் அண்ணன் இறந்தார். நெஞ்சுவலி. அவர் மனைவி சுசீலாபாய் மைனி, தகவல்களை ஒரு தாளில் எழுதி எனக்குக் கொடுத்தனுப்பினாள். குரல் தளர்ந்தது என்ற வரி அவள் எழுதியதுதான். நான் எழுத்துப்பிழை மட்டும் திருத்தி டைப் செய்தேன். அடக்கப் பாட்டுக்கும் ஆமெனுக்கும் தாள் அச்சடிக்கும்போது எழுத்தைப் பழையபடி மாற்றினேன். ஆமென் மறுபடி ஏ ஃபிளாட். என் குரல் அங்கே போகாது என்று தெரிந்தே செய்தேன். எல்லோர் முன்னாலும் உடையட்டும், ஏன் என்று யாராவது கேட்கட்டும், அப்போது சொல்லிவிடலாம் என்று ஒரு எண்ணம். நேராகச் சொல்ல எனக்குத் தைரியமில்லை.

உடைந்தது. முதல் மேல் சுரத்திலேயே காற்றுதான் வந்தது. பின்வரிசைப் பெண்களும் என்னோடு சேர்ந்து தடுமாறினார்கள். பக்கத்தில் நின்றவள் என் தோளில் கைபோட்டுக்கொண்டாள். நான் அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். முன்பெஞ்சில் இரண்டு பேர் என்னைப் பார்த்துக் கண்ணைத் துடைத்தார்கள். மூன்றாவது ஆமெனில் அந்த இரண்டு பாஸ்காரர்களும் இறங்கினார்கள். கீழ் டோ வந்தது. பெரிய குரலொன்றும் இல்லை, ஆனால் சிரமமில்லாமல் வந்து உட்கார்ந்தது.

வெளியே பெட்டியை வண்டியில் ஏற்றும்போது அவர்களில் ஒருவன் மற்றவனிடம் சொன்னது காதில் விழுந்தது. “இன்னைக்கு கீழ் டோ எனக்கு சுளுவா வந்துது கேட்டியா. எத்தற நாளாச்சு.”

சுசீலாபாய் மைனியும் அதைக் கேட்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை ஈரமாக இருந்தது.

“இவனுகளுக்கெல்லாம் வருதே பிள்ளே. அவருக்கு மட்டும் ஏன் போச்சு? கடைசி வரெ அதையேதான் கேட்டாரு. ராத்திரி முளிச்சிருந்து கேப்பாரு. நீ படிச்சவ, ஒனக்குத் தெரியுமா?”

ஒருத்தர் கேட்க வேண்டும் என்றுதானே எழுத்தை மாற்றினேன். இதோ கேட்டுவிட்டாள்.

“வயசுதான் மைனி” என்றேன்.