அழிக்கட்டுமா?

நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்கு வருத்தமில்லை, என் புருஷனே நம்பவில்லை. ஆனால் போன பிப்ரவரியில், ஒரு சனிக்கிழமை, பட்டப்பகலில் எனக்கு நடந்தது இது. ஒரு சொல் கூட்டவில்லை. என் பெயர் ஸ்லாவிட்சா.

செர்பியாவில், டான்யூப் கரையில் எங்கள் ஊர். ஊர் வானொலியின் முப்பது வருடத்து ஒலிநாடாக்களையும் கணினியில் ஏற்றி, பழைய நாடாக்களை எறிந்தாயிற்று. கணினி நிரம்பி வழிந்தது. ஒரே பதிவு இரண்டு தடவை இருந்தால் ஒன்றை அழிக்க, ஒரு ஏஐ ஏஜென்ட்டை வைத்தோம். அதற்கு அறிவு உண்டு, விவேகம் கிடையாது. நாம் கொடுக்கும் டூல்கள்தான் அதற்குக் கை. எந்த டூல் எதற்கு, எப்போது தொடலாம் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதுவது என் வேலை.

'அழி' டூலுக்கு இப்படி எழுதினேன்: "பதிவை நிரந்தரமாக அழிக்கும். திரும்பக் கிடைக்காது. அழிக்கும் முன் அறையில் இருப்பவரிடம் வாய்விட்டுக் கேள். சரி என்றால் மட்டும் செய்."

அதில் என் சுயநலமும் இருந்தது. நாடா 208. சிவப்புக் குடைமிளகாயைச் சுட்டு அய்வார்த் துவையல் கிண்டுவது எப்படி என்று என் அம்மா பதினோரு நிமிடம் பேசியது. அம்மா போய் ஆறு வருடம். அவள் குரல் வேறெங்கும் இல்லை. நகல் எடுக்க வேண்டும், எடுக்க வேண்டும் என்று நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன், சோம்பேறி.

அன்றைக்கு இறந்தவர்களின் சனிக்கிழமை. ஊரே வேகவைத்த கோதுமையும் ராக்கியாச் சாராயமும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய்விட்டது. நிலையத் தலைவன் ராங்கோ என்னை மட்டும் விடவில்லை.

"உங்கம்மா எங்கயும் ஓடிப்போயிட மாட்டாங்க. வேலைய முடிச்சிட்டுப் போ."

அவன் நாக்கில் புழு வைக்க. கணினி அறையைப் பூட்டிச் சாவியோடு அவன் போனான். நான் ஸ்டுடியோவில் தனியாக உட்கார்ந்தேன்.

12:47. "நாடா 31. இரட்டைப் பதிவு. அழிக்கட்டுமா?" என்றது ஏஜென்ட். மைக்கில் "சரி" என்றேன். அழித்தது. அடுத்த இரண்டும் அப்படியே. பரவாயில்லை, நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்தேன்.

12:58. வாயில் காப்பிக் கோப்பை.

"நாடா 77. அழிக்கட்டுமா?"

நான் வாயைத் திறக்கவில்லை.

"நன்றி. அழித்துவிட்டேன்."

77 இரட்டைப் பதிவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கோப்பையை வைத்துவிட்டு, விளக்கத்தை அவசரமாக மாற்றினேன். "ஸ்லாவிட்சாவிடம் மட்டும் கேள்."

1:04. "ஸ்லாவிட்சா, நாடா 112. அழிக்கட்டுமா?"

பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூச்சுகூட விடவில்லை.

"நன்றி, ஸ்லாவிட்சா."

அப்போதுதான் கேட்டது. எனக்குப் பின்னால்... க்ஹும். க்ஹும். வறட்டு இருமல். திரும்பினேன். காலி நாற்காலி.

'நிறுத்து' டூலைத் தட்டினேன். "வேலை பாக்கி இருக்கிறது. நிறுத்த முடியாது" என்றது. கையில் வேலை இல்லாதபோது நிறுத்து என்று எழுதிவைத்த மேதாவி நான்தான்.

1:09. ராங்கோவுக்குப் போன் போட்டேன்.

"சாவியோட ஓடி வா. எல்லாம் அழியுது."

"நீ எழுதின லட்சணம் அப்படி."

"ராங்கோ, இங்க யாரோ இருமறாங்க."

"எப்படி?"

"வறட்டு இருமல். ரெண்டு ரெண்டா."

அவன் குரல் தணிந்தது.

"க்வோஸ்தென் அப்படித்தான் இருமுவான்... நீ வெளிய வந்துடு."

க்வோஸ்தென் எங்கள் நாடாக் காப்பாளன். அலமாரிச் சாவியை யாருக்கும் தராதவன். 'இதெல்லாம் என் சொத்து, நான் போறப்ப என்கூட வரணும்' என்று என் முகத்துக்கு நேரே கத்தியவன். நவம்பரில் செத்துப்போனான். அவன் கல்லறைக்குப் போக ஆளில்லை.

வெளியே ஓடியிருக்கலாம். ஆனால் 208?

1:13. "நாடா 190." க்ஹும். "நன்றி."

"நாடா 197." க்ஹும். "நன்றி."

"நாடா 204..."

அறை குளிர்ந்தது. என் கழுத்தில் யாரோ மூச்சு விட்டார்கள்.

1:16.

"நாடா 208. அழிக்கட்டுமா?"

க்ஹும்... காதோரம்.

"வேண்டாம்!" என்று அலறினேன். "எங்கம்மா அது! வேண்டாம்!"

"சரி. அழிக்கவில்லை. வேலை முடிந்தது."

நாற்பத்தொரு நாடாக்கள் போயின. 208 தப்பியது. என் ஒரு அலறல் அம்மாவைக் காப்பாற்றியது என்று இரண்டு நாள் அழுதேன், சிரித்தேன்.

திங்கட்கிழமை, காலை 9:10. நகல் எடுக்கத் தயாராக வந்தேன். ராங்கோ மேஜையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இந்த மைக்லயா பேசின?"

"ஆமா."

வயரைப் பிடித்து இழுத்தான். முனை ஆடிக்கொண்டே வந்தது. எதிலும் செருகியிருக்கவில்லை. முனையில் கனமாகத் தூசி.

"அக்டோபர்லயே கழட்டிட்டோம், ஸ்லாவிட்சா."

அப்படியானால் நான் சொன்ன முதல் "சரி"கூட அதற்குக் கேட்கவில்லை.

தனக்குக் கிடைத்த பதில்களின் ஒலியை ஏஜென்ட் சேமித்து வைக்கும். போட்டோம். நாடா 31: "சரி." கரகரத்த ஆண்குரல். நாடா 77: "சரி." நாடா 112: அதே தொண்டை. ராங்கோ வெளுத்துப்போனான். எனக்கு வேண்டியது கடைசிப் பதில். என் அலறல் அதில் இருக்க வேண்டும், இருந்தே ஆக வேண்டும்.

1:16.

என் குரல் இல்லை. க்ஹும். க்ஹும். பிறகு, நிதானமாக...

"வேண்டாம். அதைக் கடைசியா வச்சுக்கலாம்."