பாலத்தில் தும்மும் வண்டி

என் பெரியம்மாவை எங்கள் பகுதியில் பிரேக்கம்மா என்றுதான் சொல்வார்கள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறவர். பயிற்சி வண்டியில், பக்கத்து இருக்கையில் உட்காரும் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதிலேயே கால் வைத்துப் பழகிவிட்டதால், எங்கள் வீட்டு சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கும்போதுகூட, ஏதாவது வண்டி வேகமாக வந்தால் அவர் வலது கால் தரையை அழுத்தும். "நல்லவேளை அக்கா, நீ புடிச்ச, இல்லன்னா சுவர்ல மோதியிருக்கும்" என்பாள் அம்மா.

பெரியப்பா லிஃப்ட் ரிப்பேர் வேலையில் இருந்தவர். "எத்தனையோ பேர மேல ஏத்தி விட்டிருக்கேன், நான் மட்டும் கீழயே நிக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். அவருக்கு மறதி நோய் வந்தது. ஒரு நாள் வேலைக்குப் போனவர், லிஃப்டுக்குள் நின்றுகொண்டு எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தெரியாமல் அங்கேயே நின்றிருக்கிறார். வேலை போனது. அப்புறம் சொந்தக்காரர்களின் முகங்கள் ஒவ்வொன்றாகப் போயின. நான் போனால், "லிஃப்ட் கேபிள் சரியாயிடுச்சா தம்பி?" என்று மரியாதையாகக் கேட்பார். நானும் ஆயிடுச்சு சார் என்று சொல்லிவிடுவேன்.

ஆனால் பெரியம்மாவை மட்டும் மறக்கவில்லை. "டீச்சரு" என்றுதான் கூப்பிடுவார், எப்போதும் போல, கிண்டலாக. பெரியம்மாவுக்கு அடுத்தபடியாக அவர் மறக்காதது, வீட்டு வாசலில் நின்ற சிவப்புக் கார்.

அது பழைய டர்போ கார். டர்போ என்றால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் திணிக்கிற ஒரு சின்ன விசிறி. ஆக்சிலேட்டரை ஆழமாக மிதித்தால் அது சுழன்று, முதுகைப் பிடித்துத் தள்ளுவது போல வண்டி பாயும். அப்படி அழுத்திய காற்றுக்குள் தீப்பொறி விழுவது கஷ்டம். பொறி கொஞ்சம் பலவீனமாக இருந்தாலும் ஊதி அணைத்துவிடும். அந்தக் காரில் பொறிக்கான மின்சாரத்தை உண்டாக்க ஒரே ஒரு காயில்தான். அதை டிஸ்ட்ரிபியூட்டர் என்கிற வட்டமான பெட்டி வாங்கி, நான்கு தடித்த வயர்கள் வழியாக, பொறி தெறிக்கும் நான்கு பிளக்குக்கும் முறைவைத்து அனுப்பும். ஒரே ஆள் கரண்டியோடு ஓடி ஓடி நான்கு பேருக்குப் பரிமாறுவது போல.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியப்பா பானட்டைத் திறப்பார். நான்கு வயர்களையும் பிடுங்குவார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உள்ளே துடைப்பார். பிளக்குகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தால் நோயாளி என்று யாரும் சொல்ல முடியாது. கைகள் தாமாகவே போய் ஸ்பானரை எடுக்கும். எல்லாவற்றையும் மறுபடி மாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, "இப்ப பாரு டீச்சரு, வெண்ணெய் மாதிரி ஓடும்" என்பார்.

"இப்ப வேண்டாங்க. சாப்பிட்டுக் கொஞ்ச நேரம் படுங்க. சாயங்காலம் ஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாம்" என்பார் பெரியம்மா.

ஏனென்றால் வயர்கள் தப்பாக மாட்டியிருக்கும். பொறி போக வேண்டிய முறை ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு. கல்யாணமான புதிதில் அதை அவர்தான் பெரியம்மாவுக்குப் பாட்டு மாதிரி சொல்லிக்கொடுத்தாராம். இப்போது அவருக்குப் பாட்டு இருந்தது, அது எதற்கான பாட்டு என்பது போய்விட்டது. அவர் மதியம் தூங்கும்போது பெரியம்மா செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய், சத்தம் வராமல் பானட்டைத் தூக்கி, வயர்களைச் சரியான இடத்தில் மாட்டிவிட்டு வருவார். சாயங்காலம் பெரியப்பா சாவியைத் திருப்புவார். வண்டி உறுமும். "பாத்தியா?" என்பார். "அதானே, உங்க கை பட்டா ஓடாம எங்க போகும்" என்பார் பெரியம்மா.

வண்டி ஓடியது, ஆனால் மேம்பாலத்தில் தும்மியது. பாலத்தின் ஏற்றத்தில் டர்போ அழுத்த ஆரம்பித்ததும் டப், டப் என்று அடைத்து, வேகம் செத்துவிடும். பெரியப்பா பகலில் இருக்கும் காப்பகம் பாலத்துக்கு அந்தப் பக்கம். அங்கே அவரை விட்டுவிட்டுத்தான் பெரியம்மா வேலைக்குப் போக வேண்டும். வேறு எந்த வண்டியிலும் அவர் ஏற மாட்டார். ஒரு தடவை டிரைவிங் ஸ்கூல் வண்டியைக் கொண்டு வந்தபோது, கேட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என் வண்டி இருக்கறப்ப நான் ஏன் இன்னொருத்தன் வண்டில ஏறணும்?" என்று அழுதுவிட்டார். காப்பகத்துக்குப் போகவில்லை என்றால் வீட்டில் தனியாக விட முடியாது. அப்புறம் இரவும் பகலும் அங்கேயே தங்க வைக்கிற விடுதிதான். பெரியம்மா அந்த வார்த்தையைச் சொல்லவே மாட்டார்.

வண்டியைப் பார்க்க வந்தவர் கார் எலக்ட்ரீஷியன். பட்டப்பெயர் மின்னல். இடி இடித்து, மழை பெய்து, தண்ணீர் வடிந்த பிறகு வருகிற மின்னல். ஆனால் வேலையில் பொய் சொல்லாதவர். ஒரு வயரை மடக்கிப் பார்த்தார். மீட்டரை வைத்துப் பார்த்தார்.

"அக்கா, இந்த டிஸ்ட்ரிபியூட்டர் மேல தப்பு சொல்ல மாட்டேன். இந்த அளவு டர்போவுக்கு இது தாங்கும். நல்ல வயர் போட்டா போதும்."

"போன தடவயும் புது வயர்தானே போட்ட?"

"போட்டேன். அண்ணன் வாராவாரம் புடுங்கறாரே. வயர் உள்ள இருக்கற கரி நூல் மாதிரி. இழுத்து இழுத்து அறுந்துடுது. பிளக்ல பொறி தாண்டற இடுக்கையும் குறைச்சுப் பாத்துட்டேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"வேற வழி?"

"காயிலை பிளக் மேலயே உக்கார வெச்சுடலாம். ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு காயில். இந்தப் பெட்டி, மூடி, வயர் எதுவும் இருக்காது. சென்சாரும் ஒரு சின்ன கம்ப்யூட்டரும் பாத்துக்கும். பொறி கல்லு மாதிரி விழும். மேல ஒரு தகடு போட்டு மூடிட்டா, புடுங்கறதுக்கு ஒண்ணுமே இல்ல."

"புடுங்கறதுக்கு ஒண்ணுமே இல்ல" என்று பெரியம்மா திருப்பிச் சொன்னார். பெரியப்பா அப்போது வாசற்படியில் உட்கார்ந்து, ஒரு பழைய பிளக்கைத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"பானட்டைப் பூட்டிட்டா என்னக்கா?" என்றார் மின்னல்.

"பூட்டிப் பாத்தேன். கதவைத் தட்டற மாதிரி அதைத் தட்டிக்கிட்டே நின்னாருப்பா, மத்தியானம் வரைக்கும்."

மாற்ற வேண்டாம் என்று சொல்லி மின்னலை அனுப்பிவிட்டார். அன்றைக்கு எங்கள் வீட்டுச் சமையலறையில் அம்மா கேட்டாள், "நாலு வயருக்கா அக்கா இவ்வளவு யோசனை?"

"வயருக்கு இல்லடி. அந்த ஒரு நாள்தான் அவர் அவரா இருக்கார். அதையும் நான் தகடு போட்டு மூடட்டுமா?"

அம்மா அடுப்பைத் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

அடுத்த மழைக்காலத்தில் ஒரு காலை, பாலத்தின் நடு ஏற்றத்தில் வண்டி தும்மித் தும்மி நின்றேவிட்டது. பின்னால் லாரி, அதன் பின்னால் பஸ். பெரியம்மா ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "நான் பாத்துக்கறேன், நீ உக்காரு டீச்சரு" என்று சொல்லிவிட்டு, வண்டிகள் போகிற பக்கமாக நடந்தார். ஒரு வேனின் கண்ணாடி அவர் தோளில் தட்டிச் சுழற்றிவிட்டது. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். தோளில் நீலமாகக் கன்றியதோடு போயிற்று. "அந்த நேரம் என் கால் என்ன பண்ணுச்சு தெரியுமா?" என்று பெரியம்மா எங்களிடம் சொன்னார். "பிரேக்கை மிதிச்சுது. நின்ன வண்டியில உக்காந்துக்கிட்டு மிதிச்சுக்கிட்டே இருந்தேன்."

மறுநாள் வண்டியை மின்னலின் ஷெட்டில் விட்டார். வழக்கத்துக்கு மாறாக மின்னல், சொன்ன நாளிலேயே முடித்துக்கொடுத்தார். கழற்றிய டிஸ்ட்ரிபியூட்டரையும் வயர்களையும் ஒரு பையில் போட்டு, "வெச்சுக்கோங்க அக்கா, அண்ணன் தொடச்சுக்கிட்டு இருக்கட்டும்" என்றார். பெரியம்மாவும் அதையேதான் நினைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெரியம்மா வாசலில் ஒரு பெஞ்சு போட்டு, துணி விரித்து, அந்தப் பெட்டியையும் வயர்களையும் ஸ்பானர்களையும் பரப்பி வைத்திருந்தார். பெரியப்பா பெஞ்சைத் தாண்டி நேராகப் போய் பானட்டைத் திறந்தார். உள்ளே எஞ்சின் மேல் கறுப்புத் தகடு, வழவழவென்று. அவர் கை வயர் இருக்கும் இடத்துக்குப் போய், தகட்டைத் தொட்டு, நின்றது. விரல்களால் அதன் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். அப்புறம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார், நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்த்தார். பானட்டை மெதுவாக மூடினார், இன்னொருவர் பொருளை மூடுவது போல.

"என்னங்க, இங்க பாருங்க, எல்லாம் இங்க இருக்கு" என்று பெரியம்மா பெஞ்சைக் காட்டினார்.

அவர் ஒரு வயரை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். "யாரோ விட்டுட்டுப் போயிருக்காங்க. கேட்டு வந்தா குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை எனக்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனியில் நேர்முகம் இருந்தது. பிளஸ் டூ முடித்து வீட்டில் காலாட்டிக்கொண்டிருந்தவனுக்குக் கிடைத்த முதல் அழைப்பு. பெரியம்மா கூட்டிப்போகிறேன் என்றார். பெரியப்பா கேட்டருகே வந்து நின்றார். கம்பியைப் பிடித்துக்கொள்வாரோ என்று பெரியம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் பிடிக்கவில்லை. முன்கதவுப் பக்கம் போகாமல், பின்கதவைத் திறந்து, வாடகை வண்டியில் ஏறுகிறவர் போல நடுவில் ஒடுங்கி உட்கார்ந்தார். அந்தக் காரின் பின் இருக்கையில் அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. முன்னால் நான் உட்கார்ந்தேன்.

பாலம் வந்தது. பெரியம்மா ஆக்சிலேட்டரை மிதித்தார். விசில் மாதிரி ஒரு சத்தம் எழுந்து, வண்டி ஏற்றத்தில் ஒரே மூச்சாக ஏறியது. ஒரு தும்மல் இல்லை. மின்னல் சொன்னது சரிதான்.

"வண்டி நல்லா இழுக்குதுங்க" என்றார் பெரியப்பா பின்னாலிருந்து.

பெரியம்மா கண்ணாடியில் அவரைப் பார்த்தார். "ஆமாங்க."

"நம்ம வண்டியும் இதே மாதிரிதான். சிவப்பு. ஆனா இந்த எடத்துல தும்மும்."

"ஏங்க அப்படி?"

"எல்லாம் என் வேலைதான்." அவர் சிரித்தார். "ஞாயித்துக்கிழமை நான்தான் கழட்டி மாட்டுவேன். வயரை மாத்தி மாட்டிடறேன். இப்பல்லாம் முறை நெனப்புல நிக்க மாட்டேங்குது."

பெரியம்மா கியரை மாற்றினார்.

"என் வீட்டுக்காரிக்குத் தெரியும். நான் தூங்கறேன்னு நெனச்சுக்கிட்டு வெறுங்காலோட வெளிய போயி, சரியா மாட்டிட்டு வந்துடுவா. சாயங்காலம் நான் ஸ்டார்ட் பண்ணா, உங்க கை பட்டா ஓடாம எங்க போகும்னு சொல்லுவா. நானும் பாத்தியான்னு கேப்பேன்." கொஞ்சம் குனிந்து, குரலைத் தாழ்த்தினார். "எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. நீங்க பாத்தா சொல்லிடாதீங்க. வருத்தப்படுவா."

"சொல்ல மாட்டேங்க" என்றார் பெரியம்மா.

பாலம் இறங்கி சிக்னலில் நின்றோம். பச்சை விழுந்தது. பின்னால் ஒருவர் ஹாரன் அடித்தார், பிறகு எல்லோரும் அடித்தார்கள். ஒரு ஸ்கூட்டர்காரர் எங்களைத் தாண்டும்போது குனிந்து, "என்னம்மா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். எஞ்சின் சீராக ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெரியம்மாவின் கால்தான் பிரேக்கிலிருந்து எழவில்லை.

"நான் வேணா எறங்கிப் பாக்கட்டுங்களா?" என்றார் பெரியப்பா.