அக்காவின் கைகளைச் சுருக்கியவன்

சுருவில் கிராமத்தில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர் அக்கா. பிறவியிலேயே காது கேளாதவர். பெற்றோர் மறைந்தபின் தம்பியாகிய என்னோடும் என் குடும்பத்தோடும் இருந்து, ஆடு வளர்த்து, எவருக்கும் பாரமாகாமல் வாழ்ந்தார்.

அக்காவின் கைகள் படம் காட்டும். யாழ்ப்பாணம் போய்வந்தாரென்றால் இடது முழங்கை கடலுக்கு நடுவே போகும் தெருவாகிவிடும். வலது உள்ளங்கை அதன்மேல் குலுங்கிக் குலுங்கிப் போகும் பஸ். ஒரு விரல் சரிந்து தொங்கினால் அது மிதிபலகையில் நிற்கும் கொண்டக்டர். அக்காவின் முகமும் அந்த ஆளின் முகமாகிவிடும்.

"அக்கா என்ன சொல்லுறா?" என்று வந்தவர்கள் கேட்பார்கள்.

"பஸ்ஸிலை சனமாம்" என்பேன்.

நான் அவசரக்காரன். எல்லாவற்றையும் நான் சொல்லிவிட்டேன் என்று நம்பி அக்கா சிரிப்பார்.

சென்ற மாதம் ஆஸ்பத்திரியில் டொக்டர், "எங்கை நோகுது?" என்று கேட்டார். அக்கா வலது விலாவின் கீழ் முட்டியை வைத்தார். அங்கிருந்து ஒரு விரல் முதுகைச் சுற்றித் தோள்பட்டை வரை ஏறியது. பிறகு இரு கைகளும் ஈரத்துணியைப் பிழிந்தன, விட்டன, மறுபடி பிழிந்தன.

"வயித்து நோவாம், டொக்டர்" என்றேன். வெளியே வாடகைக்குப் பிடித்த வான் காத்து நின்றது.

டொக்டர் எழுதித் தந்த வயிற்றுநோவுக் குளிசைகளோடு வீடு திரும்பினோம். காய்ச்சல் ஏறி மறுபடி கொண்டுபோனபோது என் மனைவிதான் பேசினார். குசினியில் சமைக்கும்போது அக்காவோடு கூட நின்று அந்தக் கைகளைப் படித்தவர் அவர். நோ போன வழியைத் தன் உடலில் தொட்டுத் தொட்டுக் காட்டினார். டொக்டர் பித்தப்பை என்றார்.

"முந்தி வரேக்கையும் இப்பிடித்தான் காட்டினவவோ?" என்று டொக்டர் என்னைக் கேட்டார்.

"ஓம்" என்றேன். சத்திரசிகிச்சைக்குப் பின் அக்கா எழும்பவேயில்லை.

விதி என்று தேற்றுகிறீர்கள். என்னால் அப்படி ஆறமுடியவில்லை. அக்கா சொன்னார், நான் சொல்லவில்லை.

இரத்தம் தந்த இளைஞர்களுக்கும், பந்தல் போட்ட அயலவர்களுக்கும், இன்று முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொன்றும் சொல்லவேண்டும். உங்களில் பலரைப் பற்றி, உங்கள் முன்னாலேயே, அக்கா நீளமாகக் காட்டியிருக்கிறார். "ஒண்டுமில்லை, சுகம் கேக்கிறா" என்று நான் முடித்துவிட்டேன். மன்னியுங்கள். சாப்பிட்டபின் என்னிடம் வந்து கேளுங்கள். நினைவில் உள்ளவரை அவர் காட்டியபடியே காட்டுகிறேன். மனைவியும் பக்கத்தில் இருப்பார்; நான் சுருக்கினால் விடமாட்டார்.