ஆண்டிபட்டியில் நிற்காத ஏரோப்ளேன்

பெட்ரோலுக்குப் பதில் கரியை எரித்து ஓடும் மதுரை கரி பஸ்ஸில் இன்று என் பக்கத்தில் வீரபாண்டிக்காரி ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பட்டாளத்தில் சேர்ந்த மகன் இன்று மதுரையிலிருந்து ஏரோப்ளேனில் சண்டைக்குப் போகிறானாம். வழியனுப்பப் போகிறாள்.

ஆண்டிபட்டியில் ஒரு மிராசுதார் ஏறினார். இடமில்லை.

கண்டக்டர் அவளிடம், "ஆத்தா, எறங்கு. ஏரோப்ளேன் இங்கனதான் வந்து நிக்கும்" என்றான்.

பஸ்ஸே சிரித்தது. அவள் அவனைக் கும்பிட்டுவிட்டு, முறுக்குப் பொட்டலத்தோடு இறங்கினாள்.

"இது அநியாயம்யா" என்றேன்.

"அப்ப நீரும் எறங்கும்."

இறங்கினேன். பஸ் போய்விட்டது. இனி நாளைக்குத்தான் அடுத்தது.

அவளிடம் உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் தலைக்கு மேலே ஒரு ஏரோப்ளேன் இரைந்துகொண்டு போனது. அவள் பொட்டலத்தைத் தூக்கிக் காட்டினாள்.

"ஏந்தம்பி, நிக்காமப் போறாக?"

அவளுக்கு என்ன பதில் சொல்வது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.