எட்டு மணிக்குக் கூட்டின முற்றம்

எண்பத்தாறிலை அண்ணை லண்டனுக்கு வெளிக்கிட்ட கிழமை, முற்றத்தைக் கூட்டச் சொல்லி அம்மாவுக்குச் சொன்னது நான்தான்.

பயணம் வெளிக்கிட்டவர் போய் இறங்குமட்டும் வீடு வாசல் கூட்டக்கூடாது எண்டது அம்மாவின்ரை சட்டம். பருத்தித்துறைச் சந்தைக்குப் போறவைக்கே அந்தச் சட்டம் எண்டால், லண்டன் போற தலைப்பிள்ளைக்குச் சொல்லவேணுமே? அண்ணை கொழும்பு பஸ் ஏறின நேரம் தொட்டு வேப்பம் சருகு முற்றம் முழுக்கக் கிடக்குது, அம்மா விளக்குமாறைத் தொடேல்லை.

அண்ணை போகேக்கை ஒரு கொப்பித்தாளிலை எழுதித் தந்தவர்: கட்டுநாயக்கா விடியப்புறம் இரண்டு மணி, லண்டன் காலமை எட்டு மணி.

"எத்தினை மணித்தியாலம் பறக்கும் பிள்ளை?" அம்மா கேட்டா.

நான் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை, கணக்கிலை கெட்டிக்காரி எண்டு பேர். "ஆறு மணித்தியாலம். எட்டடிக்க இறங்கியிடுவார். கூட்டணை அம்மா."

பிளேன் நாள் காலமை எட்டடிக்க அம்மா வாசல்படியிலை இருந்து படலைமட்டும் ஒரு சருகு மிச்சமில்லாமல் கூட்டி முடிச்சா.

பக்கத்து வளவுக்காரர் இருபது வருசம் கப்பலிலை ஓடினவர். தான் சொன்னது பிழை எண்டு ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத மனுசன். கொஞ்ச நேரத்தாலை வேலிக்கு மேலாலை எட்டிப் பார்த்தார். "என்ன, பெடியன் போய்ச் சேர முதலே கூட்டிப் போட்டியளோ?"

"ஓம், எட்டுக்கே இறங்கியிட்டானே."

"ஆர் சொன்னது? அது லண்டன் மணி. அங்கை எட்டெண்டால் இஞ்சை மத்தியானம் ஒண்டரை. பதினொண்டரை மணித்தியாலப் பறப்பு. அவன் இப்ப நடு ஆகாயத்திலை!"

அம்மா அப்பிடியே முற்றத்திலை குந்தியிட்டா. "ஐயோ, என்ரை பிள்ளையை நானே கூட்டித் தள்ளிப் போட்டனே!" நான் கெட்டிக்காரியாம், கெட்டிக்காரி!

அதுக்குப் பிறகு கடிதமே இல்லை. ஒரு கிழமை, ரண்டு கிழமை, ஒரு மாதம். ஒழுங்கையிலை தபால்காரரின்ரை சைக்கிள் மணி கேட்டால் அம்மா படலைக்கு ஓடுவா. சோறு இறங்கேல்லை. என்னை ஒரு சொல் ஏசேல்லை, அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடந்தது. "நான் கூட்டினதாலைதான்" எண்டு சொல்லிச் சொல்லியே மெலிஞ்சு போனா.

முப்பத்தெட்டாம் நாள் லண்டனிலை இருந்து நீல எயார்மெயில் வந்துது. அம்மாவுக்குக் கிட்டத்து எழுத்துக் கண்ணுக்குத் தெரியாது. நான் முற்றத்திலை நிண்டு உடைச்சன். சுகமாய் வந்து சேர்ந்திட்டன் எண்ட முதல் வரியை உரக்க வாசிச்சன். அடுத்த வரியிலை என்ரை கண் அப்பிடியே நிண்டிட்டுது. கொழும்பிலை லொட்ஜிலை வைச்சு அண்ணையைப் பொலிஸ்காரர் பிடிச்சுக்கொண்டு போய்ப் பதினெட்டு நாள் உள்ளை வைச்சிருந்திருக்கிறாங்கள். அந்த பிளேனிலை அவர் ஏறவே இல்லை. நான் கூட்டச் சொன்ன எட்டு மணிக்கு அவர் லண்டனிலும் இல்லை, ஆகாயத்திலும் இல்லை, கம்பிக்குப் பின்னாலை இருந்திருக்கிறார்.

"எத்தினை மணிக்காம் இறங்கினவன்?" அம்மா என்ரை வாயையே பார்த்துக்கொண்டு நிண்டா.

"எட்டுக்கு. எங்கடை எட்டுக்கு. நான் சொன்னதுதான் சரி அம்மா."

அம்மா வேலிக்குப் பாய்ஞ்சா. "உங்கடை கப்பல் கணக்கைக் கொண்டுபோய்க் கடலிலை போடுங்கோ! முப்பத்தெட்டு நாள் என்ரை வயித்தைப் பத்த வைச்சியளே!"

கப்பல்காரர் சண்டைக்கு வாயைத் திறந்தவர், என்ரை முகத்தைப் பார்த்தார். கையுக்கை மடிச்சுப் பொத்தின கடிதத்தைப் பார்த்தார்.

"ஓம் தங்கச்சி," எண்டார் அம்மாட்டை, "நான்தான் பிழை விட்டிட்டன்."