அக்கா ஊருக்கு நான் கொடுக்காத பாலம்

தார் காய்கிறது. தெருமுனையில் பீப்பாய்க்கு அடியில் விறகு எரிகிறது. கறுத்த, கனத்த, தொண்டையைக் கமறவைக்கும் அந்த வாசனை ஜன்னல் வழியே வந்து என் எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது... இனி எழுதாமல் இருக்க முடியாது.

சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் ஊருக்கு நியாயமாகக் கிடைத்திருக்க வேண்டிய பாலத்தை நான் கெடுத்தேன். கையூட்டு வாங்கிக்கொண்டு அல்ல. யாருக்கும் பயந்தும் அல்ல. நேர்மையானவன் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்பதற்காகக் கெடுத்தேன்!

நீங்கள் நம்பமாட்டீர்கள். நேர்மைப் பெயருக்காக ஒருவன் பொய் சொல்வானா? நான் சொன்னேன். ஓடுகிற ஜீப்பில் உட்கார்ந்துகொண்டு, குரல் நடுங்காமல் சொன்னேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பெருந்துறைக்குப் பக்கத்து ஊராட்சி ஒன்றியம் ஒன்றில் நான் பொறியாளன். மழை தின்ற சாலைகளுக்கு மறுபடி உடம்பு கொடுப்பது என் தொழில். என் சாலைகள்மேல் எனக்கு இன்றும் கர்வம்தான். அதை மறைக்கப் போவதில்லை. நான் போட்ட சாலையில் இரண்டு பேர் சைக்கிள் மிதித்தால், பேச்சு ஓர் இடத்திலும் அறுபடாமல் ஊர் போய்ச் சேரலாம். வேறென்ன வேண்டும் ஒரு சாலைக்கு?

ஆனால் பணம்... ஆண்டுக்கு ஒருமுறை மேலிருந்து வரும். வரும்போதே போதாமல் வரும். உடைந்து கிடப்பவற்றில் ஒன்றைக் கட்டலாம். மிச்சத்தின் குழிகளில் கிராவலைக் கொட்டிவிட்டு, அடுத்த மழைவரை வேறு பக்கம் பார்த்துக்கொள்ளலாம்.

எந்த ஒன்று? அதைச் சொல்கிறவன் நான். ஊராட்சிகளுக்குத் தேர்தலே நடக்காமல் கிடந்த காலம் அது. தலைவர் இல்லை, உறுப்பினர் இல்லை. வட்டார வளர்ச்சி அலுவலர்தான் எல்லாம். பி.டி.ஓ. என்போம். தெற்கத்திக்காரர், நல்ல மனிதர். "நீதான்யா எறங்கிப் பாத்தவன், நீயே சொல்லு" என்பார். நான் எதை மோசம் என்கிறேனோ, பணம் அந்தப் பக்கம் போகும்.

அந்த ஆண்டு இரண்டு தரைப்பாலங்கள் காத்துக் கிடந்தன. ஒன்று கொளத்துப்புதூரில். மற்றது ஆலாம்பாளையத்தில், என் அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊரில். இரண்டு பெயர்களையும் மாற்றித்தான் சொல்கிறேன். பாலங்கள் என்ன பாவம் செய்தன?

ஆலாம்பாளையத்துப் பாலத்துக்கு அடியில் இறங்கினேன். எங்கள் பக்கம் ஓடையைப் பள்ளம் என்போம். அது வறண்டு, மணல் சுட்டது. அடிச்சுவரின் கல்லிணைப்பு பிளந்திருந்தது. கையை விட்டேன், மணிக்கட்டு வரை போயிற்று! அந்நேரம் பார்த்து மேலே டவுன் பஸ் கடந்தது. சுவர் முனகியது. சுண்ணாம்புத் தூள் பொலபொலவென்று என் தலையில் கொட்டியது.

கரையில் அக்கா மோர்ச் சொம்போடு நின்றிருந்தாள்.

"என்றா கண்ணு, தலையெல்லாம் வெளுத்துப்போச்சு! அதுக்குள்ள கெழவனாயிட்டியா?"

"நரைச்சது உங்க பாலமுங்க்கா. நானில்லீங்க."

சிரித்தாள். பிறகு சிரிப்பை விழுங்கிவிட்டுச் சொன்னாள்: "வெளையாட்டில்ல சாமி. இது உழுந்துச்சுன்னா பஸ்ஸு நின்னுபோயிரும். பஸ்ஸு நின்னா உன்ற மச்சான் சுகந்தியப் பள்ளிக்கூடத்துக்கு உடமாட்டாரு. பன்னண்டாவது மட்டும் முடிச்சுப்போட்டாள்ன்னா, அப்பறம் அவ பொழச்சுக்குவா."

சுகந்தி அக்காவின் ஒரே மகள். பெருந்துறைப் பெண்கள் பள்ளியில் பதினொன்றாம் வகுப்பு. கணக்கென்றால் அவளுக்குப் பலகாரம் மாதிரி. நான் போகும்போதெல்லாம் வாசலில் மறித்துக் கேட்பாள்: "மாமா, பாலத்து மேல போற பாரமெல்லாம் கடைசீல எங்கீங்க போய் எறங்குது?" என்னைப் போலப் பொறியாளர் ஆக வேண்டும் அவளுக்கு. என்னைப் போல!

"கவலையே படாதீங்க்கா. இந்த வருசம் உங்க பாலந்தான்" என்றேன். மோரைக் குடித்தேன். அது பொய்யில்லை. அன்றைக்கு அது பொய்யில்லை.

மறுநாள் கொளத்துப்புதூரையும் பார்த்தேன். மேல்தளம் தேய்ந்து, ஓரத்தில் கம்பி பல்லைக் காட்டியது. ஆனால் அடி? பாறை. இன்னும் பல மழைகளுக்கு அது அசையாது. எனக்குத் தெரிந்தது... நன்றாகவே தெரிந்தது.

அப்புறம் என்ன நடந்தது என்கிறீர்களா? ஒரு டீக்கடை நடந்தது.

ஒன்றிய அலுவலகத்து எதிர்க்கடை. உள்ளே நுழைகிறேன். பழனிச்சாமி என்றொரு காண்ட்ராக்டர், வாயில் வடையோடு ஆரம்பித்தார்:

"ஏனுங்க இன்ஜினியர், பொறந்தவளுக்குச் சேலை எடுத்துக் குடுத்தாப் பத்தாதுன்னு இந்த வருசம் பாலமே எடுத்துக் குடுக்கறீங்களாமா?"

"தட்டத்துல வெச்சுத் தூக்கோணுமே, ஆளு பத்தாதுங்களே!" என்றார் இன்னொருவர்.

"ரோடு ரோலர்ல வெச்சு ஓட்டீட்டுப் போயிருவாருங்க. முன்னால மேளம்!"

கடையே குலுங்கியது. கொங்கு நாட்டில் உடன்பிறந்தவளுக்குச் சீர் செய்வது ஒரு நாள் காரியமல்ல. கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து என்று அண்ணன் தம்பியின் ஆயுள் முழுக்கத் தொடர்வது. தட்டில் என்ன வைத்தான் என்று ஊரே எட்டிப் பார்க்கும். அந்தத் தட்டில் என் பாலத்தைத் தூக்கி வைத்துவிட்டார்கள்! அன்று மதியத்துக்குள் அலுவலகத்தில் அதற்குச் 'சீர்ப்பாலம்' என்று பெயரே விழுந்துவிட்டது.

சிரித்துக்கொண்டே டீயைக் குடித்தேன். உள்ளே எரிந்தது. ஒரு சல்லிக்கு யாரிடமும் கை நீட்டாதவன் நான். ஜல்லியின் அளவு குறைந்தால் லாரியைத் திருப்பி அனுப்புகிறவன். என்னையா?

ஒரே ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது: 'வந்து கையை விட்டுப் பாருங்கள்.' அந்தக் கூட்டத்தையே அழைத்துப்போய் அந்தப் பிளவைக் காட்டியிருக்கலாம். ஏன் காட்டவில்லை? காட்டியிருந்தால் நியாயம் வென்றிருக்கும். ஆனால் யாரும் என்னை வியந்திருக்கமாட்டார்கள். எனக்கு வியப்பு வேண்டியிருந்தது. அவ்வளவுதான்... அவ்வளவேதான்.

அந்த வாரமே ஜீப்பில் பி.டி.ஓ. கேட்டார். "எதுய்யா ரொம்ப மோசம்?"

"கொளத்துப்புதூருங்க சார்."

"ஒங்க அக்கா ஊர்ப் பாலமும் ஒடஞ்சு கெடக்குன்னாங்களே?"

"அது இன்னும் ரெண்டு மழைக்குத் தாங்குமுங்க சார்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். தோளில் கை வைத்தார். "சொந்த வீட்டு ஆளுகள விட்டுக்குடுக்க ஒரு மனசு வேணும்யா. எல்லாருக்கும் வராது."

அந்தக் கையின் சூடு இன்னும் தோளில் இருக்கிறது. தேன் மாதிரி இறங்கியது அந்தப் பாராட்டு. சாலையோரப் பனைகள்கூட எழுந்து நின்று வழிவிட்டது போல இருந்தது.

பிறகு கட்டினேன் கொளத்துப்புதூர்ப் பாலத்தை. எப்படிக் கட்டினேன்! பழைய அடியை நம்பாமல் புதிதாய்த் தோண்டினேன். கான்கிரீட் போட்ட நாள் முழுக்க வெயிலில் நின்றேன். அது வெடிக்காமல் இறுகச் சாக்கை நானே நனைத்து நானே போர்த்தினேன். சட்டி சுமந்த மாராயி என்ற அம்மணி என்னைப் பார்த்துக் கத்தினாள்: "ஏனுங்க இன்ஜினியரே, புதுப்பொண்டாட்டியாட்டப் பாத்துட்டே நிக்கறீங்க! ஊட்டுல இருக்கறவிய கேக்கமாட்டாங்களா?"

கேட்கட்டுமே! போய்ப் பாருங்கள் அந்தப் பாலத்தை. இன்றும் ஒரு கீறல் கிடையாது. கரும்பு லாரி ஏறினால் சின்னதாய் ஓர் உறுமல், அவ்வளவுதான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் கூலிச் சனங்களின் தெரு. மழைநாளில் வேலைக்குப் போக முடியாமல் கிடந்தவர்கள் இப்போது போகிறார்கள். அங்கேயும் தேவை இருந்தது. அதுதான் என் பொய்யின் பலம். முழுப் பொய்யென்றால் என்றோ உடைந்திருக்கும்.

திறந்த நாளில் துண்டு போர்த்தினார்கள். கேலி செய்த அதே பழனிச்சாமி கூட்டத்தின் நடுவே சொன்னார்: "அக்கா ஊரையே தள்ளி வெச்ச மனுசனுங்க இவரு!" நான் தலை குனிந்து நின்றேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

ஐப்பசி மழை வந்தது. நான் சொன்ன இரண்டு மழையில் முதல் மழையைக்கூட ஆலாம்பாளையத்துச் சுவர் தாங்கவில்லை. விடிந்து பார்த்தால் பாலத்தில் பாதி பள்ளத்தில் கிடந்தது. யாரும் சாகவில்லை. சாகாததால்தான் அதைக் குற்றம் என்று யாரும் பேசவில்லை.

பஸ் நின்றது. சுகந்தி சில நாள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிப் போனாள். ஒருநாள் புத்தகப்பை தண்ணீரோடு போயிற்று. அன்று மச்சான் ஒரே வார்த்தை சொன்னார்: "போதும்." அவர் கொடுமைக்காரர் அல்ல, பயந்த தகப்பன். பயத்துக்கு எதிராக அக்கா எதைக் காட்டிப் பேசுவாள்? பாலத்தையா?

விஷயம் தெரிந்து போனேன். இலை போட்டார்கள். மச்சான் எதிரே உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல் பேசினார்.

"உன்ற தம்பி ஊருக்கெல்லாம் பாலங்கட்டறான். நமக்கு ஒரு பரிசலாச்சும் வாங்கித் தரச் சொல்லு."

நான் வாய் திறந்தேன். உண்மை நாக்கு நுனிவரை வந்துவிட்டது, சத்தியமாக வந்துவிட்டது! வெளியே விழுந்தது வேறு.

"மேல ஒத்துக்கலீங்க மச்சான். நான் உங்க பாலத்தத்தான் மொதல்ல சொன்னனுங்க..."

அக்கா உடனே பாய்ந்தாள். "கேட்டீங்களா? அவன் என்னங்க பண்ணுவான்? மேல இருக்கறவிய மனசு வெச்சாத்தானே! சோத்துல உக்காந்தவன் முன்னால இப்பிடிப் பேசறீங்களே!" என்று சொல்லி, என் இலையில் இன்னும் ஒரு கரண்டி நெய் விட்டாள்.

தின்றேன். அந்த நெய்ச் சோற்றை மிச்சம் வைக்காமல் தின்றேன்.

முதல் பொய் பி.டி.ஓ.விடம். அதற்காவது கர்வம் என்று ஒரு காரணம் இருந்தது. இந்த இரண்டாவது பொய்க்கு என்ன பெயர் வைப்பேன்?

அடுத்த வருடம் சுகந்திக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் நான்தான். குறை வைப்பேனா? கோயமுத்தூருக்குப் போய் ஆர்.எஸ்.புரத்தில் பட்டெடுத்தேன். தட்டுத் தட்டாக அடுக்கினேன். ஊர் எட்டிப் பார்த்தது, மெச்சியது. எந்தத் தட்டில் என்ன இல்லை என்று எனக்கு மட்டும் தெரியும்.

காலில் விழுந்து எழுந்த சுகந்தி மெதுவாகச் சொன்னாள்: "மாமா, பத்திரிகை வெக்கப் போறப்ப கொளத்துப்புதூர்ப் பாலத்தப் பாத்தனுங்க. எத்தனை நல்லா இருக்குது! அவியகிட்டக் கூடச் சொன்னனுங்க, எங்க மாமா கட்டுனதுன்னு." 'அவிய' என்றபோது அவள் கண் மாப்பிள்ளை பக்கம் போயிற்று.

என் நெஞ்சு நிமிர்ந்தது. கேளுங்கள், அந்த இடத்திலும் நிமிர்ந்தது! இப்படியும் ஒரு பிறவி...

தேர்தல் நடந்து தலைவர்கள் வந்த பிறகு ஆலாம்பாளையத்துக்கும் ஒரு பாலம் வந்தது. வேறொரு பொறியாளர் கட்டினார். குழாயைப் போட்டு மண்ணால் மூடிய வேலை. கைப்பிடிச் சுவர் கோணல். அதைக் கடக்கும்போதெல்லாம், 'நான் கட்டியிருந்தால்!' என்று மனம் துள்ளும். பிறகு அதே மனம், 'நீதான் கட்டவில்லையே' என்று உட்கார்ந்துவிடும். பஸ் திரும்ப வந்தது. ஏறிப்போக வேண்டியவள்தான் அந்த ஊரில் இல்லை.

போன ஆண்டு எனக்கு வடக்கே வேறு மாவட்டத்துக்கு மாற்றல் வந்தது. போகுமுன் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் ஆலாம்பாளையம் போனேன். பகல் முழுக்க அவள் வீட்டில் இருந்தேன். மாடு பற்றிப் பேசினோம். சுகந்தியின் குழந்தை நடக்கப் பழகுவதைப் பற்றிப் பேசினோம். சாயங்காலம் பஸ்ஸுக்கு அவளும் கூடவே நடந்து வந்தாள், கையில் எனக்கென்று கட்டிய முறுக்குப் பொட்டலம்.

நிறுத்தத்தில் நின்றோம். தொண்டையைச் செருமினேன்.

"அக்கா, அந்தப் பாலம்... அன்னிக்கு நான்..."

பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. அவள் பொட்டலத்தை என் கையில் திணித்து, விரல்களை மூடிவிட்டாள்.

"அதையே இன்னும் நெனச்சுட்டு இருக்கறயா கண்ணு? உட்டுத் தொலை. நீ சொல்லித்தான் பாத்தே, அவிய காதுல ஏறுலே. போற ஊர்லயாச்சும் மேல இருக்கறவிய உன்ற பேச்சைக் கேக்கோணும், சாமி. ஏறு, ஏறு, பஸ்ஸு எடுக்கறான்."