சிவப்பில் வரும் பெயர்

தஞ்சாவூரில் ஓர் உரக்கடையின் மாடியில் எங்கள் மென்பொருள் அலுவலகம். எல்லோரும் எழுதும் நிரலை ஒன்றுசேர்த்து ஓட்டிப் பார்ப்பதைத்தான் பில்டு என்போம். தேறினால் பச்சை, உடைந்தால் சிவப்பு, சிவப்புக்குக் கீழே கடைசியாக நிரல் சேர்த்தவரின் பெயர். இப்படிக் காட்டும் திரை ஒன்றை நானே செய்து சுவரில் மாட்டினேன். மேலாளருக்கு வாயெல்லாம் பல். புதியவர்களில் யாரை நிரந்தரமாக்குவது என்று மாதக் கடைசியில் இதைப் பார்த்துத்தான் முடிவு செய்வாராம். “அதுக்குள்ள எல்லார்கிட்டயும் குறை என்னன்னு கேட்டுடுங்க” என்றார்.

கேட்டேன். தொண்டை வற்றியதுதான் மிச்சம். கல்யாணப் பந்தியில் ரசத்தில் உப்பு குறைந்தால் சமையல்கட்டு வரை கேட்கும்படி சொல்கிற மனிதர்கள், என் திரையைப் பற்றி மட்டும் “நல்லாருக்குங்க” என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். நேரில் சொல்லக் கூச்சம்போல என்று கணினியில் ஒரு படிவம் அனுப்பினேன். அத்தனை பேரும் ஐந்துக்கு ஐந்து நட்சத்திரம். ஒருவர் மட்டும், கிரிக்கெட் ஸ்கோரும் தெரிந்தால் நன்றாயிருக்கும் என்று எழுதியிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் மன்னார்குடி சாலையில் நெல் காயப் போட்டுவிடுவார்கள், பஸ் ஊர்ந்துதான் போகும் என்று விடிந்ததும் கிளம்பிவிட்டேன். ஏழரைக்கு அலுவலகத்தில் வலங்கைமானிலிருந்து வரும் புதிய பெண் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னம்மா, இவ்வளவு சீக்கிரம்?”

“ரெண்டு வாரமா முதல் பஸ்லதான் சார் வரேன்.”

ஏன் என்றேன். தயங்கித்தான் சொன்னாள்.

“பத்து மணிக்கு மேல எல்லாரும் சேர்க்கறப்போ நானும் கோட் சேர்த்தா, உடைச்சது யாரா இருந்தாலும் கடைசியா சேர்த்த என் பேரு சிவப்பா வந்துடுது சார். நாலு தடவை வந்துடுச்சு. அதான் யாரும் வர்றதுக்கு முன்னாடியே சேர்த்துடறேன். என்னை நிரந்தரம் பண்ணுவாங்களான்னே பயமா இருக்கு.”

எனக்கு அவள்மேல்தான் கோபம் வந்தது. நாயாய்ப் பேயாய் அலைந்து கேட்டேனே!

“இதைப் படிவத்துல எழுதியிருக்கலாமேம்மா? அஞ்சு நட்சத்திரம் போட்டிருக்கியே!”

“அதுலயும் முதல் கேள்வியே பேருதானே சார்.”

நான் பையைக்கூடக் கழற்றவில்லை. போய்த் திரையை அணைத்தேன்.

பத்து மணிக்கு மேலாளர் வந்தார். ஏன் அணைந்திருக்கிறது என்றார். குறை கிடைத்துவிட்டது, தப்பான ஆளின் பெயரைக் காட்டுகிறது, இதை வைத்து யாரையும் எடைபோட வேண்டாம் என்றேன்.

“அப்படியா? யார் சொன்னா?” என்றார்.